விழுந்தால் வண்டியைப் பூட்டாதீர்கள்!

பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால், "எழுந்து ஓட்டுடா, விழாம யார் கத்துக்கிட்டா?" என்கிறோம். பெண் விழுந்தால் மட்டும், முழங்காலுக்கு மருந்து போடுவதற்கு முன்னால் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டு விடுகிறோம். சமீபத்தில் எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்தது. அதையொட்டி என் மனதில் பட்டதை, என்னைப் போன்ற குடும்பத் தலைவிகளோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். பிறந்த வீடு மரக்காணம் உப்பளத்துப் பக்கம். வாக்கப்பட்டது வானூர். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஒன்றும் அதிசயம் இல்லை. உப்பளத்துக்குப் போகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எல்லாரிடமும் உண்டு. 1968-ல் உருவான ஆரோவில் பக்கத்திலேயே இருப்பதால், நரைத்த தலையோடு வெள்ளைக்காரப் பெண்மணிகள் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்துப் போவதையும் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனால், "அது அவங்க ஊர்ப் பழக்கம்" என்று சொல்லி விட்டு, நம் வீட்டுப் பெண்களை மட்டும் திண்ணையோடு நிறுத்தி விடுவோம்!

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால், தலையில் ஹெல்மெட் மாட்டிக் கொண்டு விலை உயர்ந்த சைக்கிளில் பறப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் நின்று இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். குதிகாலைச் சட்டென்று வெளியே திருப்புவார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் கால் தரைக்கு வரும். அவர்கள் ஷூ பெடலோடு மாட்டிக் கொண்டிருப்பதுதான் காரணம். அந்தப் பெடலுக்கு 'கிளிப்லெஸ் பெடல்' என்று பெயர். பஞ்சாயத்து வந்ததே இந்தப் பெடலால்தான்.

என் நாத்தனார் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல சைக்கிள் ஒன்றும், இந்தப் பெடலும், அதற்கென்றே உள்ள ஷூவும் வாங்கினாள். சென்னை நெரிசலில் பழக முடியாது என்று பத்து நாள் லீவு போட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் நாளே வாசலில் இரண்டு தடவை விழுந்தாள். வேகமாகப் போய் விழவில்லை. வந்து நின்ற இடத்தில், வெட்டின வாழை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு.

என் மாமியார் பதறிப் போய் விட்டார். "காலைக் கட்டிப் போட்டுக்கிட்டு யாராச்சும் வண்டி ஓட்டுவாங்களா? கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்றார். நாத்தனார் போனில், "முதல்ல அந்த சைக்கிளை உள்ளே வச்சுப் பூட்டும்மா" என்றார். என் கணவரோ வழக்கம் போல், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லி விட்டுப் பேப்பரை எடுத்துக் கொண்டார். சாவி என் கையில் இருந்தது. நான் பூட்டவில்லை. "ஏம்மா விழுந்தே? அதை முதல்ல எனக்குச் சொல்லு" என்று அவளையே கேட்டேன்.

அவள் சொல்லித்தான் எனக்குப் பல விஷயம் புரிந்தது. முன்பெல்லாம் பந்தய சைக்கிள்காரர்கள், பெடலின் முன்பக்கம் கூண்டு மாதிரி ஒரு கம்பியும் அதில் ஒரு பட்டையும் வைத்துக் காலை இறுக்கிக் கொள்வார்கள். அதற்கு 'டோ கிளிப்' என்று பெயர். அந்தக் கிளிப் இல்லாமல் காலைப் பிடித்துக் கொள்வதால், புதுப் பெடலுக்கு 'கிளிப் இல்லாதது' என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வந்து விட்டது. ஷூவின் அடியில் 'கிளீட்' என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். காலை வைத்து அழுத்தினால், பெடலில் உள்ள ஸ்பிரிங் கொக்கி அதைப் பிடித்துக் கொள்ளும். பனிச்சறுக்கு விளையாட்டில் ஷூவைப் பலகையோடு மாட்டும் பூட்டுகளைச் செய்து வந்த 'லுக்' என்ற பிரெஞ்சு கம்பெனி, 1984-ல் இதைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. மறு ஆண்டே, அதாவது 1985-ல், பெர்னார்ட் இனோ என்ற பிரெஞ்சு வீரர் இந்தப் பெடலோடு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் ஜெயித்தார். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி, கிளீட் ஷூவின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் அடங்கியிருக்கும்படி இன்னொரு வகையைக் கொண்டு வந்தது. அதைப் போட்டுக் கொண்டு கடை கண்ணிக்குச் சாதாரணமாக நடந்தும் போகலாம்.

ஆக, என் மாமியார் நினைத்த மாதிரி இது காலைக் கட்டிப் போடுகிற சாமான் இல்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் உடனே கழன்று விடும். ஆனால், சைக்கிள் நிற்கும்போது நாம் பழக்கதோஷத்தில் காலை மேலே தூக்குவோம். இல்லை, பக்கத்தில் இழுப்போம். அப்போது அது விடாது. பூட்டின கதவை இழுத்தால் திறக்குமா? சாவியைத் திருப்பினால்தானே திறக்கும்! அவ்வளவுதான் சூட்சுமம். காலுக்கு அந்தத் திருப்பல் பழகும் வரைக்கும் ஓரிரு தடவை விழுவது எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

காரணம் தெரிந்த பிறகு, அவளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், பெண் விழுந்தது அவளுக்குத் துணிச்சல் அதிகமானதால் அல்ல, அமைப்பு சரியில்லாததால் என்பது அப்போதுதான் புரியும்.

முதலில் பெடல். அதில் வலது, இடது என்று உண்டு. வலது பெடலை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். இடது பெடல் அதற்கு நேர் எதிர். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய் விடும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து போகிறது. கிரீஸ் இல்லாத பெடல் துருப்பிடித்து ஒட்டிக் கொண்டால், பிறகு மெக்கானிக்கே தலையில் கை வைத்துக் கொள்வார்.

அடுத்தது ஷூவின் அடியில் உள்ள கிளீட். கால் கட்டைவிரலுக்குப் பின்னால் புடைத்துக் கொண்டிருக்கும் எலும்பை ஷூவுக்கு மேலேயே தடவிப் பார்த்தால் தெரியும். கிளீட் ஏறக்குறைய அதன் நேர் கீழே, இல்லாவிட்டால் சற்றுப் பின்னால் வர வேண்டும். ரொம்ப முன்னால் போனால் கெண்டைக்கால் சீக்கிரம் அசந்து விடும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதற்கும் வழி உண்டு. மேஜை மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பாதம் நேராக நிற்கும். சிலருக்குக் கொஞ்சம் வெளியே திரும்பி நிற்கும். பாதம் இயற்கையாக எப்படி நிற்கிறதோ, அப்படியே கிளீட்டையும் வைக்க வேண்டும். வலுக்கட்டாயமாக நேராக்கினால் முழங்கால் வலி வந்து விடும். இவளுக்கு வலது பாதம் வெளியே திரும்பியது. கிளீட்டோ கடைசி வரை உள்பக்கம் திருப்பி முடுக்கியிருந்தது. பிறகு குதிகாலை வெளியே திருப்புவது எப்படிச் சுலபமாக வரும்?

மூன்றாவது, அந்த ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது. இவள் வாங்கிய பெடலில் அதற்கென்று ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. பழகுகிறவர்கள் அதை நன்றாகத் தளர்த்தி வைத்துக் கொள்ள வேண்டும். இவளுடையது இறுகலாக இருந்தது. தளர்த்தியதும் பாதிப் பிரச்னை போய் விட்டது. குதிகாலை வெளியே திருப்பினால் மட்டுமல்லாமல், வேறு திசையில் பலமாக இழுத்தாலும் விடுகிற மாதிரி ஒரு வகைக் கிளீட்டும் ஷிமானோவில் உண்டு. புதியவர்கள் கேட்டு வாங்கினால் நல்லது.

நான்காவது சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு.

இத்தனையும் ஆன பிறகு பழக்கம். திண்ணைச் சுவரை ஒரு கையால் பிடித்துக் கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு காலை மாட்டி, கழற்றி, மாட்டி, கழற்றி... ஒவ்வொரு காலுக்கும் தினம் ஐம்பது தடவை. என் மாமியார் வெற்றிலை மடித்துக் கொண்டே எண்ணினார்! இரண்டு நாள் கழித்து, புல் மண்டிய காலி மனையில் ஓட்டினாள். அவளுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "நிக்கணும்னு மனசுல நினைச்ச உடனே காலைக் கழட்டிடு. நின்ன பிறகு கழட்டாதே." நம் ஊரில் சாலையின் இடது ஓரம்தான் ஒதுங்க வேண்டும் என்பதால், இடது காலைக் கழற்றி, உடம்பையும் அந்தப் பக்கமே சாய்க்க வேண்டும். இடது காலைக் கழற்றி விட்டு உடம்பு வலது பக்கம் சாய்ந்தால் விழ வேண்டியதுதான். முதல் நாள் இரண்டாவது தடவை அவள் விழுந்தது அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். கிளீட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதல் சில நாட்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். ஸ்க்ரூ ஒன்று விழுந்து விட்டால், குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் ஷூதான் திரும்பும், கிளீட் கழலாது. ஆபத்து என்று சொன்னால் அதுதான் உண்மையான ஆபத்து. அதற்கு மருந்து, வாரம் ஒரு தடவை சாவியைப் போட்டுப் பார்ப்பது. வண்டியைப் பூட்டி வைப்பது இல்லை.

எட்டாம் நாள் கழுவெளி ஏரிப் பக்கம் போய் விட்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். "அத்தை, ஒரு தடவை கூட விழல!" என்றாள். "அதான் எங்க ரத்தம்" என்றார் என் மாமியார், முதல் நாள் தான் பேசியதையெல்லாம் மறந்து விட்டு!

'இந்தப் பெடல் எல்லாருக்கும் தேவையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேவையில்லை என்பதுதான் என் கருத்து. கடைத்தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் போக சாதாரணப் பெடலும் செருப்புமே போதும். நொடிக்கு நொடி காலை ஊன்ற வேண்டிய கூட்டத்தில் இது தொந்தரவு. உப்பளத்துச் சேற்றில் நடந்து விட்டு வந்தால், கிளீட்டில் சேறு அடைத்துக் கொண்டு மாட்டவே மாட்டாது. இதை மாட்டினால் காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், இரட்டிப்பு வேகம் வரும் என்று சொல்வதும் மிகைதான். நீண்ட தூரம் மிதிக்கும்போது, மழையில் நனைந்தாலும் மேடு பள்ளத்தில் குலுங்கினாலும் பாதம் வழுக்காமல் ஒரே இடத்தில் நிற்கும் என்பதுதான் இதனால் கிடைக்கிற நிஜமான லாபம். ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் சாதாரணத் தட்டையுமாகவும் பெடல் கிடைக்கிறது. தயக்கம் இருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

எந்தப் பெடல் என்பதை விட, பெண் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை. நம் அரசாங்கம் 2000-களின் தொடக்கத்திலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்து வந்திருக்கிறது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்ததுதான் இது. அதில் எத்தனை சைக்கிள் அண்ணன், தம்பி கையில் இருக்கிறது? எங்கள் தெருவில் நான் கேட்டுப் பார்த்தவரைக்கும், "ஒரு நாள் விழுந்துட்டா, அதிலிருந்து அனுப்பறதில்ல" என்பதுதான் பெரும்பாலான பதில். சரி, சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தீர்களா என்று கேட்டால், கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது. குள்ளமான பெண்ணுக்கும் நெட்டையான பெண்ணுக்கும் ஒரே உயரமா? அரசாங்கம் சைக்கிளைத்தான் கொடுக்க முடியும். அளவை நாம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய ரவிக்கையைப் பிடித்துத் தைக்காமலா போட்டுக் கொள்கிறோம்?

புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. 1992-ல் மகளிர் தின வாரத்தில், 70,000-க்கும் அதிகமான பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்சுகள் என்று எல்லாரும் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதாததால் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். 'பாரில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாமே' என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்களாம். அந்தப் பெண்களெல்லாம் விழாமலா கற்றிருப்பார்கள்? விழுந்த அன்றே யாராவது வண்டியைப் பிடுங்கியிருந்தால், அந்தக் கூட்டம் சேர்ந்திருக்குமா?

இந்தப் பூட்டுப் போடும் புத்தி நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 1890-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தபோது, 'முகம் கோணிப் போய் விடும்' என்று சில டாக்டர்களே பயமுறுத்தினார்கள். அந்த வியாதிக்கு 'சைக்கிள் முகம்' என்று பெயர் கூட வைத்தார்கள்! யாருக்கும் முகம் கோணவில்லை. பயமுறுத்தியவர்கள் பேச்சுத்தான் காற்றோடு போயிற்று.

என் அம்மா உப்பளத்துக்கு விடியும் முன் நடந்தே போய், உச்சி வெயிலில் நடந்தே வருவார். உப்பில் வெடித்த பாதத்தோடு அவ்வளவு தூரமும் நடப்பார். அப்பாவின் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிற நாட்களிலும் கூட அதை அவர் தொட்டதில்லை. "எனக்கு எதுக்குடி அதெல்லாம்? ஒரு தடவை ஏறி விழுந்தேன், உங்க தாத்தா திட்டினாரு" என்பார். அந்த ஒரு திட்டின் விலை, அத்தனை வருஷ நடை. பெண் பிள்ளைகள் விழுந்த அன்றைக்கு நாம் பேசுகிற ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எனவே சகோதரிகளே, உங்கள் மகளோ, மருமகளோ, ஏன், நீங்களேயோ சைக்கிள் பழகும்போது விழ நேர்ந்தால், முதலில் காயத்தைக் கழுவுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு, "ஏன் விழுந்தே?" என்று திட்டாமல், 'எதனால் விழுந்தாய்?' என்று கேளுங்கள். சீட் உயரமா, பெடல் வழுக்கலா, பிரேக் பிடிக்கவில்லையா, துப்பட்டா சக்கரத்தில் மாட்டியதா என்று பாருங்கள். அதைச் சரி செய்து, மறுநாளே திரும்ப ஏற்றி விடுங்கள். ஒரு வாரம் விட்டால் பயம் குடியேறி விடும். பழகும் நாட்களில் பெரியவர்கள் யாராவது கூடவே நடங்கள். சீட்டைப் பிடிக்க ஒரு கை இருந்தால் போதும். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டுமே!

பூட்டு, ராத்திரியில் திருடனுக்காகப் போடுகிற சாமான். பகலில் பெண்ணுக்காகப் போடுகிற சாமான் இல்லை. என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, வானூர்.